ஜோன் நியூட்டன்: கிருபையைப் பாடிய கப்டன்

எமது கல்லூரியின் காலை வழிபாட்டில் பாடப்பட்ட ஆங்கில ஞானப்பாட்டுகளுள், சைவப் பிள்ளைகள், கிறிஸ்தவப் பிள்ளைகள் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் மனனமாயிருந்தது கிருபையின் அதிசயத்தைப் பற்றிய அந்தப் பாட்டுத்தான். இன்று ரொறன்ரோவிலும் சிட்னியிலும் எம்மவரின் மரணச் சடங்குகளிற்கூட அதைக் கேட்கிறோம். ஆனால் பாட்டைத் தெரிந்த அளவுக்கு அதை எழுதியவரைத் தெரியாது. தெரிந்தவர்களும், அடிமை வியாபாரி ஒருவர் புயலில் அகப்பட்டு மனந்திரும்பினார், அன்றே அத்தொழிலைக் கைவிட்டார், பின்பு பாட்டெழுதினார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். நடந்தது அப்படியல்ல. இம்மலருக்கு ஒரு வரலாறு எழுதும்படி சங்கத்தார் கேட்டபோது ஜோன் நியூட்டனை நான் தெரிவுசெய்ததற்கு அதுவே காரணம்.

நியூட்டன் 1725 ஜூலையில் இலண்டனில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வொப்பிங் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை கப்பல் கப்டன். தாயார் எலிசபெத் ஆழ்ந்த பக்தியுள்ளவர்; தம் ஒரே மகனுக்கு வேதபாடத்தையும் ஞானப்பாட்டுகளையும் சிறுவயதிலேயே கற்பித்தார். மகனுக்கு ஏழு வயது நிறையுமுன்னரே சயரோகத்தால் இறந்துபோனார். பதினொரு வயதில் பையன் தந்தையுடன் கடலுக்குப் போனான். வளர்ந்தபின் தாய் கற்பித்தது எதுவும் மிஞ்சவில்லை. வாய்த்துடுக்கும் நிந்தையும் அவரது அடையாளமாயின. 1744இல் கடற்படைக்குப் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டு, கசையடி பட்டு, பதவி இழந்தார். பின்னர் மேற்கு ஆபிரிக்கா செல்லும் வியாபாரக் கப்பல் ஒன்றுக்கு மாற்றப்பட்டார்.

சியரா லியோன் கரைக்கு அப்பால் பிளான்டேன் தீவுகளில், வெள்ளைக்கார அடிமை வியாபாரி ஒருவரிடம் அவர் வேலைக்கு அமர்ந்தார். அங்கே காய்ச்சலில் விழுந்தபோது அவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. எசமானின் ஆபிரிக்க மனைவி அவரைப் பட்டினி போட்டாள். இரவில் தோட்டத்துக் கிழங்குகளைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றார். அந்த நாட்களில், விலங்கிடப்பட்டு விற்பனைக்குக் காத்திருந்த அடிமைகள், தங்களுக்குக் கிடைத்த சொற்ப உணவில் ஒரு பங்கை இரகசியமாக அவருக்குக் கொடுத்தார்கள். இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவருடைய வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது புயலல்ல, இந்த உணவுதான். எந்தத் தகுதியுமில்லாத ஒருவனுக்கு, கொடுக்கவேண்டிய கடமையே இல்லாதவர்கள் கொடுத்தார்கள். கிருபை என்ற சொல்லுக்கு வேதசாஸ்திரிகள் சொல்லும் பொருளும் இதுதான். ஆனால் அதைத் தின்றவருக்கு அப்போது அது புரியவில்லை.

தந்தையின் நண்பர் ஒருவரின் ஏற்பாட்டினால் ‘கிறேஹவுண்ட்’ என்ற கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது. 1748 மார்ச்சில், வட அத்திலாந்திக் சமுத்திரத்தில், நள்ளிரவில் புயல் அடித்தது. மேற்தளத்துக்கு ஏறப் போன நியூட்டனை, கீழே போய்க் கத்தி எடுத்துவரும்படி கப்டன் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாக ஏறியவரை அலை அடித்துக்கொண்டு போயிற்று. கப்பலில் ஏற்றியிருந்த தேன்மெழுகும் மரமும் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தவையாக இருந்தபடியால்தான் அது மூழ்கவில்லை. விடியுமுன் தொடங்கி நண்பகல் வரை பம்பியில் நின்று தண்ணீர் இறைத்தார்; பிறகு சுக்கானைப் பிடித்தார். பல வருடங்களுக்குப் பின் முதன்முறையாக, தமக்கும் இரக்கம் கிடைக்குமா என்று யோசித்தார். ஏறத்தாழ நான்கு வாரங்களின் பின் கப்பல் அயர்லாந்தின் கரையைத் தொட்டது. புயல் அடித்த தினத்தை ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

வழமையாகக் கதை இங்கே முடிந்துவிடும். உண்மையில் அவர் அடிமைக் கப்பல்களின் கப்டனானது இதற்குப் பிறகுதான். 1750இல் தாம் பல வருடங்களாக நேசித்த மேரி கட்லட்டை மணந்தார். அதே வருடம் ‘டியூக் ஒவ் ஆர்கைல்’ என்ற கப்பலின் கப்டனாகப் புறப்பட்டார். பின்பு ‘ஆபிரிக்கன்’ என்ற கப்பலில் இரண்டு பயணங்கள். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மனைவிக்கு அன்பொழுகக் கடிதம் எழுதினார். கீழ்த்தளத்திலே மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். கிளர்ச்சிக்குச் சதிசெய்ததாகச் சந்தேகம் வந்தபோது, சிறுவர்களின் பெருவிரல்களை இரும்புத் திருகியில் வைத்து உண்மையைக் கறந்தார். தமது நாட்குறிப்பிலேயே அதைப் பதிந்து வைத்திருக்கிறார். இன்னும் வியப்பானது, பாவமன்னிப்பு நிச்சயமானது, ஒருமுறை கொடுக்கப்பட்டால் எடுக்கப்படாதது என்ற தெளிவை அவர் பெற்றதும் இந்தக் காலத்திலேதான். 1754இல் மேற்கிந்தியத் தீவான சென்ட் கிட்சில் சந்தித்த இன்னொரு கப்டனிடமிருந்து அதைக் கற்றார்.

அதே வருடம், அடுத்த பயணத்துக்குப் புறப்பட இரண்டு நாட்கள் இருக்கையில், மனைவியோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது திடீரென நினைவிழந்து விழுந்தார். ஒரு மணி நேரமளவில் நினைவு திரும்பியது. நோய் என்னவென்று அந்தக் குறிப்புகளைக்கொண்டு சொல்ல முடியாது. எழுதுபவர்கள் சிலர் துணிந்து சொல்கிறார்கள், நான் சொல்லமாட்டேன். வைத்தியர்களின் ஆலோசனைப்படி கடலை விட்டார். மனச்சாட்சியினால் அல்ல, உடல்நலக் குறைவினால்.

லிவர்பூலில் சுங்கப் பகுதி உத்தியோகம் பார்த்துக்கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் படித்தார். முதலில் மறுக்கப்பட்டு, 1764இல் குருப்பட்டம் பெற்று, சரிகை பின்னும் ஏழைத் தொழிலாளர் நிறைந்த ஒல்னி என்ற ஊருக்கு உதவிக் குருவாகப் போனார். 1767இல் கவிஞர் வில்லியம் கௌப்பர் அங்கு குடிவந்து அவருக்கு அயலவரானார். இருவரும் சேர்ந்து செபக்கூட்டங்களுக்காகப் பாட்டெழுதினார்கள். 1779இல் வெளிவந்த அவர்களது தொகுப்பில் 348 பாட்டுகள் உண்டு. நாம் அறிந்த பாட்டு, 1 நாளாகமம் 17ஆம் அதிகாரத்தில் தாவீது தேவனுக்கு முன்பாக உட்கார்ந்து நன்றி சொல்லும் பகுதியைக்கொண்டு, 1773 புத்தாண்டுத் தினப் பிரசங்கத்துக்காக எழுதப்பட்டது.

அந்த ஜனவரி மாதமே கௌப்பர் மனநோயில் வீழ்ந்தார். தேவன் தம்மை என்றென்றைக்குமாகக் கைவிட்டார் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றிற்று. எவருக்கும் தீங்கு நினையாத, முயல்குட்டிகளை வளர்த்து மகிழ்ந்த மென்மையான மனிதர் அவர். பிறகு தேவாலயத்துக்குள் அவர் போகவேயில்லை. நியூட்டனின் உபதேசமே அவரை இப்படியாக்கியது என்று குறைசொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த நோய் அவருக்கு நியூட்டனைச் சந்திக்குமுன்னரே வந்திருந்தது.

இந்த இருவரும் அடுத்தடுத்து வாழ்ந்ததை நான் பலமுறை யோசித்ததுண்டு. பெருங்குற்றம் செய்தவர் வருடக்கணக்காகக் குற்றவுணர்வின்றி இருந்தார். குற்றம் செய்யாதவர் குற்றவுணர்வில் அமிழ்ந்துபோனார். வைத்தியத் தொழிலில் இரண்டாவது வகையினரையே அதிகம் காண்கிறோம். 2004 சுனாமியில் பிள்ளையின் கை நழுவிப்போன தாய்மார் எத்தனை பேர் தம்மைத் தாமே குற்றவாளியாகத் தீர்த்துக்கொண்டார்கள். அப்படியானவர்களிடம் மன்னிப்பைப் பற்றி வாதாடிப் பயனில்லை. நியூட்டனும் வாதாடவில்லை. கௌப்பரையும் அவரைப் பராமரித்த அம்மையாரையும் தம் வீட்டிலே ஒரு வருடத்துக்கு மேலாக வைத்துக்கொண்டார். அவர் உயிரை மாய்த்துக்கொள்ளாதபடி காவல் இருந்தார். கிறிஸ்தவ விசுவாசத்தின்படி மன்னிப்பு நிற்பது மன்னிக்கப்பட்டவரின் உணர்ச்சியில் அல்ல, மன்னித்தவரின் வாக்கில். கௌப்பரால் அதை உணர முடியாதிருந்ததனால் அது அவருக்கு இல்லாமற் போய்விடவில்லை என்றே நியூட்டன் கடைசிவரை நம்பினார்.

அப்படியானால் நியூட்டனுக்கு? அவருடைய உணர்வின்மையையும் அந்த மன்னிப்பு மூடிவிட்டதா? இங்கேதான் முழுமையான மன்னிப்பு மலிவானதோ என்ற கேள்வி பிறக்கிறது. எங்கள் நாட்டிலே இது ஏட்டுக் கேள்வியல்ல. எனக்குப் படுவது இது: குற்றம் தன்னை அழித்துவிடும் என்று பயப்படுகிறவனால் அதை நேரே பார்க்க முடியாது, மறைப்பான், குறைத்துச் சொல்வான், பிறர்மேல் போடுவான். தண்டனைத் தீர்ப்பு நீங்கியதென்று அறிந்தவனே முழுவதையும் பார்க்கக்கூடியவன். நியூட்டனுக்கு அந்தப் பார்வை வர முப்பது வருடங்களுக்கு மேல் எடுத்தது. அது தாமதந்தான், அதற்கு நான் சாக்குச் சொல்லப்போவதில்லை.

1780இல் இலண்டன் சென்ட் மேரி வுல்நொத் ஆலயத்துக்கு மாறினார். 1785 டிசம்பரில் வில்லியம் வில்பர்போர்ஸ் என்ற இளம் பாராளுமன்ற உறுப்பினர், அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு இரகசியமாக அவரிடம் வந்தார். இருந்த இடத்திலேயே இருந்து தொண்டுசெய்யும்படி நியூட்டன் சொன்னார். 1788இல் அடிமை வியாபாரத்தைப் பற்றித் தம் சொந்தப் பெயரில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். தாம் அதில் பங்காளி என்பதையும், இந்த அறிக்கை காலம் கடந்து வருவதையும் ஒளிக்கவில்லை. கப்பலின் கீழ்த்தளத்தில் மனிதரைப் புத்தகங்களைப்போல் அடுக்குவதையும், பெண்களுக்கு மாலுமிகள் செய்ததையும் கண்ட சாட்சியாக எழுதினார். பிரிவுக் கவுன்சிலிலும் பாராளுமன்றக் குழுவிலும் சாட்சியமளித்தார். மதிப்புமிக்க குருவானவர் ஒருவர் வயது அறுபதைத் தாண்டியபின் இவற்றை ஊரறியச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கௌப்பரும் அதே வருடம் அடிமைகளுக்காகக் கவிதைகள் எழுதினார் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

1790 டிசம்பரில் மேரி புற்றுநோயால் காலமானார். அதே காலப்பகுதியில், வெளிநாட்டில் இருப்பதாகப் பெற்றோருக்குப் பொய்க் கடிதம் எழுதிக்கொண்டு இலண்டனில் அலைந்த ஸ்கொத்லாந்து இளைஞன் ஒருவன், நியூட்டனின் பிரசங்கத்தைக் கேட்டுப் பெயரிடாத கடிதம் போட்டான். எழுதியவர் தம்மிடம் வரலாமென்று நியூட்டன் பிரசங்க பீடத்திலிருந்தே அறிவித்தார். அவன்தான் குளோடியஸ் புக்கானன். பின்பு குருவாகி இந்தியா வந்து, 1806இல் யாழ்ப்பாணத்தையும் பார்த்து, ஒல்லாந்தர் கட்டிய பெரிய ஆலயங்கள் குருமாரின்றிக் கிடப்பதை எழுதியவர். அடுத்த பத்து வருடங்களில் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வந்தனர். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை ஆரம்பமாயிற்று.

முதுமையில் நியூட்டனுக்குப் பார்வையும் நினைவும் மங்கின. தாம் பாவி, கிறிஸ்து இரட்சகர் என்ற இரண்டு மாத்திரம் மறக்கவில்லை என்று அவரைப் பார்க்கச் சென்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1807 மார்ச்சில் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறிற்று. அவ்வருடம் டிசம்பர் 21இல், எண்பத்திரண்டு வயதில், அவர் இறந்தார். கல்லறை வாசகத்தைத் தாமே எழுதிவைத்திருந்தார். அதில் கப்டன் என்ற பதவி இல்லை. ஆபிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாக இருந்தவன் என்றே தம்மைக் குறிப்பிட்டிருக்கிறார். 1893இல் அவரதும் மேரியினதும் எச்சங்கள் இலண்டனிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, ஒல்னி ஆலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டன.