காபப்ளாங்காவைச் சாய்த்த பஞ்சாப் சிங்கம்!

சத்தியமங்கலம் பக்கம் ஏதாவது ஒரு திண்ணையில் ஆடுபுலி ஆட்டத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத பெரியவர் ஒருத்தர் இருப்பார், பார்த்திருப்பீங்க. அவரை அப்படியே கப்பலேற்றி லண்டனில் இறக்கி, உலக ஜாம்பவான்கள் முன்னாடி உட்கார வெச்சா என்ன ஆகும்? கிட்டத்தட்ட அப்படி ஒரு வாழ்க்கைதான் மீர் சுல்தான் கானுடையது.

பஞ்சாபில், இன்னைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் குஷாப் பக்கத்து மிட்டா கிராமத்துக்காரர். சின்ன வயசில் அவர் கற்றது நம்ம நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுறது கிடையாது. பதிலுக்கு ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். 1928-ல் அகில இந்திய சாம்பியன் ஆனார். அடுத்த வருஷமே சர் உமர் ஹயாத் கான் என்ற பெரிய நிலப்பிரபு அவரை லண்டனுக்குக் கூட்டிட்டுப் போனார்.

முதலில் ஆடின சின்ன போட்டியில் கடைசி இடத்துக்குப் பக்கத்தில்தான் வந்தார். ஐரோப்பிய விதிகளில் ஆட்டத்தைத் தொடங்குற விதமே அவருக்குப் புதுசு. ஆனா, சில மாசத்தில் ராம்ஸ்கேட்டில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சுட்டார். 1932, 1933-லும் பட்டம் அவருக்கே. தொடக்கத்தில் தடுமாறினாலும், காய்கள் குறைஞ்ச பிறகு மனுஷன் பிடியை விடவே மாட்டார்.

ஹேஸ்டிங்ஸில் 1930-31 போட்டியில் எதிரே உட்கார்ந்தவர் முன்னாள் உலக சாம்பியன் காபப்ளாங்கா. ரொம்ப அபூர்வமாகத்தான் தோற்கிறவர். 65 நகர்த்தல்கள், அவசரமே இல்லாம கழுத்தை இறுக்கி இறுக்கி, சுல்தான் கான் ஜெயிச்சார். ஒலிம்பியாடில் அவர் ஆடினது இங்கிலாந்துக்காக, அதுவும் முதல் பலகையில். அடிமைப்பட்ட நாட்டுக்காரர், ஆண்ட நாட்டோட முன்னணி வீரர்! (அதே வீட்டிலிருந்து வந்த பாத்திமா என்ற பெண், 1933-ல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை ஜெயிச்சது தனிக்கதை.)

அந்த வருஷக் கடைசியில் உமர் ஹயாத் ஊர் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். 1935-ல் காடில்கருடன் பத்து ஆட்டம் ஆடி, ஒன்றை மட்டும் டிரா செய்து மீதி ஒன்பதையும் ஜெயிச்சார். அப்புறம் பெரிய போட்டி எதுவுமே இல்லை. சொந்த நிலத்தில் விவசாயம். தன் பிள்ளைகளுக்குக்கூட செஸ் கத்துத்தர விரும்பலையாம்.

படிக்காத வேலைக்காரர் என்றே மேற்கத்திய புத்தகங்கள் அவரைப் பல காலம் எழுதின. அவர் பேத்தி அதை மறுக்கிறார்: தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், மரியாதையான குடும்பம் என்கிறார். எனக்கும் அந்த 'வேலைக்காரர்' கதை, கேட்கிறவங்க வசதிக்கு இட்டுக்கட்டின மாதிரிதான் படுது.

1966-ல் காசநோயில் இறந்தார். உலகத்தின் முன்னணி வீரர்களில் ஒருத்தரா இருந்தவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைச்சது 2024 பிப்ரவரியில். அதே வருஷம் டிசம்பரில்தான் நம்ம சென்னை குகேஷ் உலக சாம்பியன் ஆனார்.