மூன்று முறை ஃபெயில், ஆனாலும் ஆராய்ச்சி உதவித்தொகை: ராமானுஜனுக்காக சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது எப்படி?

கும்பகோணம் அரசு கல்லூரியில் ஃபெயில். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் ஃபெயில். மறுபடி எழுதியும் ஃபெயில். இப்படி ஒருவருக்கு, எம்.ஏ. முடித்தவர்களுக்கென்று வைத்திருக்கும் ஆராய்ச்சி உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் தூக்கிக் கொடுக்க முடியுமா? 1913 ஏப்ரலில் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. வாங்கியவர் சீனிவாச ராமானுஜன்.

கணித மேதை ராமானுஜன் கதை நமக்கெல்லாம் தெரியும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், கப்பல் ஏறினார், உலகப்புகழ் பெற்றார். ஆனால் கடிதத்துக்கும் கப்பலுக்கும் நடுவே ஓராண்டுக்கும் மேல் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் சென்னையின் சில கூட்ட அறைகளில் நடந்ததுதான் இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி.

சாரங்கபாணி சன்னதி தெருப் பையன்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தவர் ராமானுஜன். வளர்ந்ததெல்லாம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வெளியூரிலிருந்து படிக்க வரும் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு, அதிலும் கொஞ்சம் வருமானம் பார்த்தார்கள்.

காவிரி டெல்டாவில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அறுவடை முடிந்தால் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் வந்துவிடும். சம்பளத்தை மட்டும் நம்பியிருந்த வீட்டில் அப்படி முடியாது. ராமானுஜனின் படிப்பு முழுக்க ஸ்காலர்ஷிப்பை நம்பித்தான் இருந்தது.

அதற்குத் தகுதியான பையன்தான். தொடக்கக் கல்வித் தேர்வில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலிடம். 1904-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணிதத்துக்கான பரிசு. அதே கையோடு, காவிரிக் கரையில் இருக்கும் அரசு கல்லூரியில் ஸ்காலர்ஷிப்புடன் எஃப்.ஏ. வகுப்பில் இடம். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கியிருந்த கல்லூரி அது.

ஸ்காலர்ஷிப் ஏன் பறிபோனது?

எஃப்.ஏ. என்பது இன்றைய பிளஸ் 2 போல, பட்டப்படிப்புக்கு முந்தைய கட்டம். கணிதம் மட்டும் போதாது. ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், கிரேக்க-ரோமானிய வரலாறு எல்லாவற்றிலும் தேற வேண்டும். ராமானுஜனோ வகுப்பில் எந்தப் பாடம் நடந்தாலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். ஸ்காலர்ஷிப் ரத்தானது.

கோமளத்தம்மாள் நேராகக் கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்ததாக வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கணிதத்தில் என் பிள்ளைக்கு இணை யார் என்று நியாயம் கேட்டிருக்கிறார். முதல்வர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் விதி விதிதான் என்பதில் அசையவில்லை.

ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஒரு பருவக் கட்டணம் 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். சில மாதங்கள் சமாளித்தார்கள். 1905 ஆகஸ்டில், 17 வயது ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். செப்டம்பர் 2-ம் தேதி 'தி இந்து' நாளிதழில் காணாமல்போன பையன் என்று செய்தியே வந்தது.

திரும்பி வந்தவர் 1906-ல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியல் காலை வாரியது. அந்த டிசம்பரில் எஃப்.ஏ. ஃபெயில். 1907-ல் மறுபடி எழுதினார், மறுபடியும் ஃபெயில். கதவு மூடியாயிற்று.

இந்த இரண்டு கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. அவரைத் தோற்கடித்த தேர்வும் அந்தப் பல்கலைக்கழகத்தினுடையதுதான்.

விதியில் தப்பா?

இன்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இதே வாதத்தைக் கேட்கலாம். தேசிய அளவில் ஓடும் மாணவிக்கு நான்கு பேப்பர் அரியர். அவருக்காக விதியைத் தளர்த்தலாமா? தளர்த்தினால் நாளைக்கு செல்வாக்கு உள்ளவர்களும் அதே வழியில் நுழைய மாட்டார்களா?

அமெரிக்காவில் இது பெரிய தலைவலி. ஃபுட்பால் நன்றாக ஆடினால் போதும், படிப்பே வேண்டாம் என்று ஆட்களைக் கல்லூரிக்குள் கொண்டுவரும் பழக்கம் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பரவியிருந்தது. அதைத் தடுக்க, 1896-ல் ஏழு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் ஒன்றுகூடி ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்ற விதிகள் பேராசிரியர்களின் கைக்கு வந்தன. பயிற்சியாளர், ரசிகர், பணம் கொடுப்பவர் யாரும் அதை முடிவுசெய்யக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

கும்பகோணம் முதல்வர் கெட்டவர் இல்லை. பொது விதியைப் பொதுவாக வைத்திருந்தார், அவ்வளவுதான். இந்தப் பையனின் கணிதம் எவ்வளவு பெரியது என்று சோதித்து, அதன்மேல் முடிவெடுக்கும் ஓர் இடம் அங்கே இல்லை. சிக்கல் அதுதான்.

துறைமுக குமாஸ்தா

1909-ல் கல்யாணம். அடுத்து வேலை தேடி அலைச்சல். கையில் பட்டம் இல்லை, கணித நோட்டுப் புத்தகங்கள்தான் இருந்தன. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி.ராமஸ்வாமி ஐயரைப் பார்த்தார். நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-ல் கழகத்தின் இதழில் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை கிடைத்தது.

1913 ஜனவரி 16-ல் ஹார்டிக்குக் கடிதம் போனது. பிப்ரவரியில் பதில் வந்தது. அதே மாதம், வானிலை ஆய்வுத் துறைத் தலைவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவருமான கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜனின் நோட்டைக் காட்டினார். வாக்கர் மறுநாளே பல்கலைக்கழக ரிஜிஸ்ட்ராருக்கு எழுதினார்: இந்த இளைஞர் சில ஆண்டுகள் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் கணிதத்தில் இருக்க வழி செய்யுங்கள்.

சிண்டிகேட்டில் என்ன நடந்தது?

முதலில் விஷயம் கணிதப் பாடத்திட்டக் குழுவுக்கு, அதாவது போர்டு ஆஃப் ஸ்டடீஸுக்குப் போனது. உட்கார்ந்திருந்தவர்கள் கணிதம் தெரிந்த ஆசிரியர்கள். 1913 மார்ச்சில் கூடி, மாதம் 75 ரூபாய் வீதம் 2 ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள்.

அடுத்து, முடிவெடுக்கும் அமைப்பான சிண்டிகேட். இங்கேதான் இடித்தது. அந்த உதவித்தொகை எம்.ஏ. முடித்தவர்களுக்கானது. இவர் எஃப்.ஏ.வே தாண்டாதவர். விதிப்படி பார்த்தால் பேச்சே இல்லை.

உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஆர்.சுந்தர ஐயர் ஒரு வழி சொன்னார். பல்கலைக்கழகத்துக்கான சட்டமே, ஆராய்ச்சியை வளர்ப்பது அதன் வேலைகளில் ஒன்று என்கிறது. ஆராய்ச்சி செய்யக்கூடியவர் என்று துறை அறிந்தவர்களே உறுதி சொல்லும்போது, உதவித்தொகைக்கான உள்விதி அந்த நோக்கத்துக்குக் குறுக்கே நிற்கலாமா? சிண்டிகேட் ஒப்புக்கொண்டது.

கவனிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான். சிபாரிசுக் கடிதம் மட்டும் வேலையை முடிக்கவில்லை. துறை ஆசிரியர்கள் தகுதியைச் சொன்னார்கள், சட்டம் தெரிந்தவர் அடிப்படையைக் காட்டினார், பொறுப்புள்ள அமைப்பு கூடி முடிவெடுத்தது.

சும்மா கொடுக்கவில்லை

1913 மே 1 முதல் ராமானுஜன் ஆராய்ச்சி மாணவர். 30 ரூபாய் குமாஸ்தாவுக்கு இப்போது 75 ரூபாய். அதற்கு ஈடாக ஒரு நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று போர்டுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்.

தேர்வுத் தாளில் ஆங்கிலக் கட்டுரை எழுதித் தேறாதவர், இந்த அறிக்கைகளைத் தவறாமல் கொடுத்தார். 1913 ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று, 1914 மார்ச்சில் ஒன்று. ராமானுஜனின் முதன்மைத் தேற்றம் என்று கணித உலகம் இன்று சொல்வது, அந்த முதல் அறிக்கையில் இருந்ததுதான்.

1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து பேராசிரியர் நெவில் சென்னை வந்து, இங்கிலாந்து வரச் சம்மதமா என்று கேட்டார். இம்முறை பல்கலைக்கழகம் அதிகம் யோசிக்கவில்லை. ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் 2 ஆண்டுகளுக்கு, பயணச் செலவு தனி. மார்ச் 17-ல் கப்பல் கிளம்பியது. கேம்பிரிட்ஜும் வழக்கமான தகுதிச் சான்றிதழைக் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, 1916-ல் ஆராய்ச்சியின் பேரில் பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ.

பணம் கேட்காத கடிதம்

அந்த உயரத்தில் உடம்பு விட்டுப்போனது. போர்க்கால இங்கிலாந்தில் சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், குளிர், மருத்துவமனை வாசம். ஊர் திரும்பும் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் 5 ஆண்டுகளுக்குக் கொடுப்பதாக சென்னைப் பல்கலைக்கழகம் அறிவித்தது.

1919 ஜனவரி 11-ல், இங்கிலாந்திலிருந்தே ரிஜிஸ்ட்ராருக்கு எழுதினார் ராமானுஜன். தன் தேவைக்கு இது அதிகம். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுங்கள். தன் அவசியச் செலவு போக மீதியைக் கல்விக்குச் செலவிடுங்கள். ஏழைப் பிள்ளைகள், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க, புத்தகம் வாங்கிக் கொடுக்க. இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

32 ரூபாய் கட்ட முடியாமல் ஊரைவிட்டு ஓடிய பையனுக்குத்தான் இந்த யோசனை வந்திருக்கும்.

1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. சாரங்கபாணி சன்னதி தெரு வீடு இப்போது நினைவிடம். தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதைப் பராமரிக்கிறது. இளம் கணித ஆய்வாளர்களுக்கு அவர் பெயரில் பரிசும் தருகிறது. வயது வரம்பு 32.

இன்றும் ஏதோ ஒரு கல்லூரியில் ஒரு பாடத்தில் அபாரமாகவும் மற்றதில் ஃபெயிலாகவும் ஒரு பிள்ளை நிற்கும். விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவது சுலபம். செல்வாக்கைப் பார்த்து விதியை வளைப்பது அதைவிடச் சுலபம். 1913-ல் சென்னையில் கூடிய ஆசிரியர்கள் மூன்றாவது வழியைக் காட்டினார்கள்: திறமையைச் சோதித்துப் பார், காரணத்தைச் சொல்லி அனுமதி கொடு, கொடுத்த பிறகு கணக்குக் கேள்.