திசைதோறும் சென்ற தமிழாசான்: தனிநாயகம் அடிகளார்

அயல்நாடு சென்று கற்பிக்கும் ஆசிரியர் அங்கு எதைக் கொண்டு செல்கிறார், அங்கிருந்து எதைக் கொண்டு வருகிறார் என்னும் வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். இன்று நாடுகளுக்கிடையே ஆசிரியப் பரிமாற்றத் திட்டங்கள் பல உள்ளன. அத்தகைய ஏற்பாடுகள் தமிழுக்கென்று ஏதும் அமையாத காலத்தில், ஒரு தனிமனிதர் தம்மையே அத்தகைய திட்டமாக ஆக்கிக்கொண்ட வரலாறு இது.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் என்னும் சிற்றூரில் 1913 ஆகஸ்டு 2-ஆம் நாள் அடிகளார் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்றபின் துறவு வாழ்வை நாடிக் கொழும்புக் குருமடம் சேர்ந்தார். அங்கிருந்து 1934-இல் உரோமாபுரி சென்றார். பல நாட்டு மாணவரும் ஒருங்கே உண்டு, உறங்கி, பயின்ற அந்தக் கல்விக்கூடம் அவருக்கு உலகத்தின் சிற்றுருவாக அமைந்தது. இலத்தீனமும் ஐரோப்பிய மொழிகள் சிலவும் அவர் நாவில் பழகின. 1938-இல் குருப்பட்டம் பெற்றார். இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

இத்தனை மொழிகள் கைவந்த பின்னரே அடிகளார் தம்மிடமிருந்த வறுமையை உணர்ந்தார். வர்ஜிலைப் படித்துச் சுவைக்கத் தெரிந்தவருக்குச் சங்கப் பாட்டொன்றைப் படித்துப் பொருள்கொள்ளத் தெரியவில்லை. ஆங்கிலவழிக் கல்வி அவருக்கு உலகைத் திறந்துவிட்டது. சொந்த வீட்டின் கதவையோ சாத்தியே வைத்திருந்தது. நாடு திரும்பியபின் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளியாசிரியராகப் பணியேற்றார். பகலில் மாணவர்க்குப் பாடம் சொல்லிவிட்டு, பின்னர்த் தாமே மாணவராகிப் பண்டிதர் ஒருவரிடம் தமிழ் கற்றார். 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலச் சேர்ந்தபோது அவருக்கு அகவை முப்பத்திரண்டு. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் மாணவரோடு மாணவராய் அமர்ந்து தம் தாய்மொழியைக் கற்க நாணவில்லை.

அங்கு அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் சங்கக் கவிதையில் இயற்கை. குறிஞ்சியும் முல்லையும் நெய்தலும் பாட்டுக்கு வெறும் பின்னணி ஆகா. உள்ளத்தின் நிலையை நிலமே பேசுகிறது என்பதைக் கிரேக்க, இலத்தீனக் கவிஞரோடு ஒப்பிட்டு அவர் காட்டினார். உரோமாபுரியில் கற்ற கல்வி இங்கேதான் பயன் தந்தது. அயலவர் இலக்கியத்தை அறிந்திருந்தமையால் தம்மவர் இலக்கியத்தின் தனித்தன்மை அவர் கண்ணுக்குத் துலங்கியது.

தூத்துக்குடியில் அன்பர் சிலரின் துணையோடு அவர் நிறுவியது தமிழ் இலக்கியக் கழகம். சிறிய அமைப்பு, பெருநிதி ஏதும் இல்லை. 1949-க்கும் 1951-க்கும் இடையில் தென்கிழக்காசியா, ஜப்பான், அமெரிக்கா எனப் பல நாடுகளுக்குச் சென்று தமிழைப்பற்றிச் சொற்பொழிவாற்றினார். சென்ற இடங்களில் அவரை உறுத்தியது ஒன்று: இந்திய இலக்கியம் என்றால் வடமொழி ஒன்றையே அறிந்திருந்தனர் கற்றறிந்தோர். அவர்களைக் குறைகூறி அவர் நேரத்தைக் கழிக்கவில்லை. அறியத் தருவது நம் கடன் என்று கருதி, 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். தூத்துக்குடிக் கழகத்திலிருந்து புறப்பட்ட அவ்விதழ் உலகப் பல்கலைக்கழகங்களின் நூலகங்களை எட்டியது. பல நாட்டு அறிஞரின் கட்டுரைகளை அது ஏந்தி வந்தது.

அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையில் விரிவுரையாளரானார். ஆசிரியராகப் போகிறவர்க்கு ஆசிரியராவது அவர் இயல்புக்கு ஏற்ற பணி. இலண்டனில் கல்வியியலில் மேற்கொண்ட முனைவர்ப் பட்ட ஆய்வுக்கும் பழந்தமிழர் கல்விச் சிந்தனையையே பொருளாகக் கொண்டார். ஊர் ஊராகச் சென்ற பாணரும் புலவரும் மக்களின் முதல் ஆசிரியர் என்பதை அவர் கண்டார். திசைதோறும் சென்ற அந்த மரபில் தாமும் ஒருவர் என்று அவர் எண்ணியிருந்தால் அது மிகையாகாது.

பயணந்தோறும் அவர் கைந்நிறையக் கொணர்ந்தவை உண்டு. 1554-இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சேறிய தமிழ்நூலைக் கற்றோர் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தே புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில் உறங்கியது. 1966-இல் அதன் நேர்படியைப் பதிப்பித்து மீண்டும் உலவவிட்டார்.

ஆயினும் உலகெங்கும் தமிழுக்குக் கதவு திறந்துகொண்டிருந்தவருக்குத் தாயகத்தில் கதவு சாத்தப்படுவதைக் காண நேர்ந்தது. 1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. தமிழின் உரிமைக்காக அடிகளார் எழுதினார், பேசினார். எம்மொழியையும் அவர் பழிக்கவில்லை. தன் மொழியை மெய்யாக நேசிப்பவன் பிறன் மொழியை இகழான் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையைக் கைவிடுவதற்குக் காரணங்கள் பெருகிய காலத்தில் அதைக் கைவிடாமல் இருந்ததே அவர் ஆசிரியத்தின் கடினமான பாடம்.

1961-இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைவரானார். 1969 வரை அங்குப் பணியாற்றினார். தம் தொடக்கப் பேருரைக்கு இந்தியச் சிந்தனையையும் உரோமரின் ஸ்டோயிக் மெய்யியலையும் இணைத்துப் பொருளாக்கினார். வள்ளுவரும் செனெக்காவும் அவர் வகுப்பறையில் அண்டை வீட்டார் ஆயினர்.

1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழைத்தேய அறிஞர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பாரிசின் ஃபிலியோசா தலைவர். பிராகின் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளர்கள். உலகம் இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற நாளில் இரு முகாம்களின் அறிஞரும் தமிழின்பொருட்டு ஓர் அவையில் அமர்ந்தனர். தமிழர் அல்லாதாரைத் தலைமையில் அமர்த்தியதில் அடிகளாரின் நோக்கம் தெளிவாகும்: தமிழைக் கற்ற எவரும் தமிழுக்கு விருந்தினர் அல்லர், அவர்களும் வீட்டாரே. 1966-இல் கோலாலம்பூர், 1968-இல் சென்னை, 1970-இல் பாரிசு என மாநாடுகள் தொடர்ந்தன. தம் பயணங்களைச் சொல்லும் நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘ஒன்றே உலகம்’.

நான்காம் மாநாடு 1974 ஜனவரியில், அவர் பிறந்த மண்ணாகிய யாழ்ப்பாணத்தில் நடந்தது. உலகறிஞர் தம் ஊர்தேடி வரும் பேறு பெரிது. ஆனால் 10-ஆம் நாள் இரவு நடந்த நிறைவுநாள் பொதுக்கூட்டத்தில் காவலர் தலையிட்டபோது எழுந்த குழப்பத்தில் தமிழ் கேட்க வந்தவர் சிலர் உயிரிழந்தனர். உலகை ஓரவையில் அமர்த்தியவரின் சொந்த ஊரில் ஓர் அவை அமைதியாகக் கலையமுடியவில்லை. அவர் வாழ்வில் இதனினும் கொடிய முரண் இல்லை.

1980 செப்டம்பர் 1-ஆம் நாள், அறுபத்தேழாம் அகவையில் அடிகளார் மறைந்தார். நான்கு திங்கள் கழித்து மதுரையில் ஐந்தாம் மாநாடு கூடியது. அவர் தொடங்கிவைத்த உரையாடல் அவரின்றியும் தொடர்ந்தது. ஆசிரியர் ஒருவர் விரும்பத்தக்க புகழ் அதுவே.

கணியன் பூங்குன்றனாரின் உலகளாவிய நோக்கைப் பாட்டாகப் போற்றுவோர் பலர். அதனைப் பயணச்சீட்டாகவும் பாடத்திட்டமாகவும் ஆக்கியவர் அடிகளார். தூத்துக்குடியில் சிலர் கூடிய ஒரு கழகமே அதற்கு முதற்படியாயிற்று. தமிழுக்காகக் கூடும் எந்தச் சிறுகழகமும் தன் பத்தாண்டை எண்ணும்போது, தன் சுவர்களுக்கு அப்பால் யாரிடம் கற்றது, யாருக்குக் கற்பித்தது என்றும் எண்ணிப் பார்ப்பது அவர் நினைவுக்குச் செய்யும் தகுந்த வழிபாடாகும்.