நாவலரும் ஏழைப் பிள்ளையின் கல்வியும்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு மார்கழி மாதத்திற் கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அவரைச் சமயங் காத்தவராகவும் வசனநடை கைவந்தவராகவும் ஆண்டுதோறும் போற்றுகின்றோம். வறுமைக்கும் கல்விக்கும் இடையேயுள்ள பகையை அவர் எவ்வாறு எதிர்த்தார் என்பதை இம்மலரிலே சிந்திக்க விரும்புகின்றோம்.

இளமையிலே தமிழையும் வடமொழியையும் கற்ற அவர், மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று அங்கேயே ஆசிரியருமானார். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தார். நிலையான சம்பளமும் மதிப்பும் அவருக்கு இருந்தன. அவற்றைத் துறந்து, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இல்லறத்தையும் அவர் மேற்கொள்ளவில்லை.

அக்காலத்திலே திண்ணைப் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்குக் கொடுக்க வசதியுள்ளவன் பிள்ளை படித்தான். இல்லாதவன் பிள்ளை வயலுக்குப் போனான். நாவலர் பணம் வாங்காமற் கற்பித்தார். வித்தியாசாலைச் செலவுக்கு ஊரவரிடமே கையேந்தினார். உலையில் அரிசியிடும்போது வீடுதோறும் ஒரு பிடி எடுத்து வைக்கும் பிடியரிசித் தருமம் அவர் காட்டிய வழி என்பர். பெருஞ்செல்வர் ஒருவரின் மனத்தை மட்டும் நம்பாது, பலர் சிறுகக் கொடுத்துப் பள்ளியைத் தாங்கும் முறை இது.

ஆசிரியர் இருந்தாற் போதுமா? நூலும் வேண்டும். ஏட்டுச் சுவடி எல்லார் வீட்டிலும் இருப்பதன்று. 1849இல் தமிழகஞ் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. படிமுறையாய் அமைந்த பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். பெரியபுராணத்தையும் வசனமாக்கினார். வீட்டிலே பண்டிதரை வைத்துப் படிக்க இயலாத பிள்ளையும் தானே வாசித்து விளங்கிக்கொள்ள இவை உதவின. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையை நிறுவினார்.

பசித்த வயிற்றிற் பாடம் ஏறாது. 1877இல் பஞ்சம் வருத்தியபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்.

எனினும் அவர் முயற்சிகள் யாவும் நிலைக்கவில்லை. உத்தியோகத்துக்கு வாயில் ஆங்கிலம் என்பதை உணர்ந்து 1872இல் வண்ணார்பண்ணையிலே ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். பொருளில்லாமையால் அது சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. 1879ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியதும், 1890இல் இந்துக் கல்லூரி உருவானதும் அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் எடுத்த அடிகள்.

இன்னுமொன்றை மறைத்தல் தகாது. சாதி வேலியை நாவலர் தகர்க்கவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அவர் திறந்த கதவு திறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டிலுங்கூட வகுப்பிலே சமமாய் அமரும் உரிமைக்காக அவர்கள் போராட வேண்டியிருந்தது. பெரியோரைப் போற்றுவோர் அவர் விட்ட குறையை நிறைத்தலும் கடன்.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலங்கையிலே இலவசக் கல்வி வந்தது. பள்ளிக்கட்டணம் ஒழிந்தது, வேற்றுமை ஒழிந்ததா? இன்று ஒரு பிள்ளை பள்ளி விட்டதும் ரியூசனுக்குப் போகின்றது. மற்றொன்று தாயோடு கூலிக்குப் போகின்றது. இரண்டும் ஒரே ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கும், பின்னர் ஒரே சாதாரணதரப் பரீட்சைக்கும் அமர்கின்றன. பெறுபேறு வந்ததும் ஒன்றைக் கெட்டிக்காரப் பிள்ளை என்றும் மற்றதை மொக்குப் பிள்ளை என்றும் சொல்லிவிடுகின்றோம். அறிவளவு என்று நாம் நினைப்பது பலவேளைகளிற் பணத்தின் அளவே.

இளைஞர்களே, நாவலர் செய்தது நம்மாலும் இயலும். சங்க மண்டபத்திலே மாலைதோறும் விளக்கேற்றி, உயர்தரம் படித்தோர் சிறுவருக்கு இலவசமாய்ப் பாடஞ் சொல்லலாம். படித்து முடித்த நூல்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். பெரியோர் பிடியரிசிக்கு ஈடாக மாதமொரு சிறுதொகை தரலாம். பசியோடு வரும் பிள்ளைக்கு அது உணவாகும். எந்தக் குடியிற் பிறந்த பிள்ளைக்கும் அம்மண்டபத்தின் கதவு திறந்திருக்கட்டும். நாவலர் திருநாளை நாம் கொண்டாடும் முறை இதுவாகுக.