திருச்செங்கோட்டு இன்ஜினியர் திறந்த குகை

லெகோ பிரிக்கில் ஒரு சினிமா வண்டி செய்யணும்னா முதலில் எது ஞாபகம் வரும்? நம்மில் பல பேருக்கு 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் காலத்தைத் தாண்டி ஓடிய டிலோரியன் கார்தான். படம் வந்தது 1985-ல். அந்தக் காரை 1,872 துண்டுகள் கொண்ட பெட்டியாக லெகோ கம்பெனி 2022-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலையைப் பார்த்ததும் நாம் மூடிவிடுகிற பக்கம் அது!

அந்தக் காரை ஒரு நிமிஷம் இன்ஜினியர் கண்ணோட பாருங்க. கடையில் விற்ற சாதாரண கார். அதன் மேல் ஒயர், குழாய், தகடு எல்லாம் பொருத்திப் படத்துக்காக மாற்றினார்கள், அவ்வளவுதான். நாமக்கல்காரங்களுக்கு இது புதுசா என்ன? கம்பெனியிலிருந்து சேஸிஸ் வரும், பாடியை இங்கே பட்டறையில் கட்டுவாங்க. திருச்செங்கோட்டில் அதே மாதிரி சேஸிஸ் மேல் போர்வெல் ரிக் ஏறும்.

அந்தத் திருச்செங்கோட்டில் பிறந்த ஒருவர் சினிமாவையே ஒரு பெரிய பட்டறையாகக் கட்டி நடத்தினார். அவர்தான் டி.ஆர்.சுந்தரம். இந்த இதழில் அவர் கதை. முடிவில் உங்களுக்கு ஒரு வேலையும் இருக்கு.

நூல் வியாபாரி வீட்டுப் பிள்ளை

1907-ல் பிறந்தவர். வசதியான நூல் வியாபாரக் குடும்பம். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போய், லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். அங்கேயே கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். வீட்டில் தொழில் இருக்கு, கையில் அதுக்கேத்த படிப்பு இருக்கு. நேரா ஒரு மில் கட்டியிருக்கலாம். ஆனால் அவர் போனது சினிமாவுக்கு.

முதல் தமிழ் பேசும் படம் 1931-ல்தான் வந்தது. அந்த ஆரம்ப வருஷங்களில் தமிழ்ப் படம் எடுக்கணும்னா பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போகணும். நடிகர், பாட்டுக்காரர், வாத்தியக்காரர்னு மொத்தக் கூட்டமும் ரயில் ஏறும். சுந்தரம் முதலில் சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸில் பங்குதாரராகச் சேர்ந்தார். இந்த அலைச்சலைப் பக்கத்தில் இருந்தே பார்த்தார்.

நெசவாலை படித்தவர் கண்ணுக்கு இது எப்படித் தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மில்லில் ஒரு வாசலில் பஞ்சு உள்ளே போகும், இன்னொரு வாசலில் துணி வெளியே வரும். நடுவில் இருக்கிற எல்லா வேலையும் ஒரே வளாகத்தில் நடக்கும். சினிமா மட்டும் ஏன் ஊர் ஊரா அலையணும்?

அடிவாரத்தில் ஒரு ஃபேக்டரி

1930-களின் நடுவில் சேலத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில் எழுந்தது மாடர்ன் தியேட்டர்ஸ். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். காடும் மலையும் காட்டணும்னா ரொம்ப தூரம் போக வேண்டாம், பின்னாலேயே இருக்கு. ஒளிப்பதிவுக்கு ஜெர்மன்காரர்களையும் வரவழைத்தார். வேலை செய்தவர்களுக்கு மாதச் சம்பளம். நேரம் தவறக்கூடாது என்பது அங்கே சட்டம், அது எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் சரி. எல்லாரும் அவரை 'முதலாளி' என்றே கூப்பிட்டார்கள்.

முதல் படம் 'சதி அகல்யா', 1937-ல் வந்தது. அடுத்த வருஷமே 'பாலன்', அதுதான் மலையாளத்தின் முதல் பேசும் படம். கேரளத்தின் சினிமா வரலாறு நம்ம சேலத்து அடிவாரத்தில் தொடங்குதுன்னா பாத்துக்கோங்க. 1940-ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்'. 1950-ல் 'மந்திரி குமாரி': கதாநாயகன் எம்.ஜி.ஆர்., வசனம் கலைஞர் மு.கருணாநிதி. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தின்னு அந்த வளாகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளியே வந்தன.

கட்டுப்பாடு இருந்தால்தான் டிசைன்

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிலிம் சுருளுக்குத் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. 35 எம்எம் பிலிம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். கணக்குப் போட்டால் 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதுவரை மூன்று மணி நேரம் பாட்டாகவே ஓடிய படங்களுக்கு இது எவ்வளவு பெரிய வெட்டுன்னு யோசிங்க. போரை ஆதரித்தும் படம் எடுக்கணும் என்ற நெருக்கடி வேற. சுந்தரம் 1945-ல் 'பர்மா ராணி' எடுத்தார். ஜப்பான் பிடியில் இருந்த பர்மாவில் மாட்டிக்கொண்ட இந்திய விமானப்படை வீரர்களின் கதை. வில்லனான ஜப்பானிய அதிகாரியாக அவரே நடித்தார்.

1952-ல் 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படம், அமெரிக்க லிப்பர்ட் கம்பெனியோடு கூட்டு. கதைக்கு வரலாற்றுக்கு முந்தைய மேமத் யானைகள் தேவை. இன்று என்றால் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். அன்று என்ன செய்தார்கள்? நிஜ யானைக்கு முடிப் போர்வை போர்த்தி நடக்க விட்டார்கள். சேஸிஸ் யானை, பாடி முடி. நம்ம ஊர் ஃபார்முலாதானே?

1956-ல் சுந்தரம் இயக்கிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கேவாகலர் பிலிமில் எடுத்தது. கருப்பு வெள்ளையில் ஒரு சுவர் என்ன நிறம் என்பது யாருக்கும் தெரியாது. வண்ணத்தில் சுவர், துணி, பாறை எல்லாவற்றையும் புதிதாக யோசிக்கணும். அந்தக் காலத்து கலர் பிலிமுக்கு வெளிச்சமும் நிறைய வேணும்.

குகைக் கதவு, உங்க மேஜையில்

இப்ப உங்க வேலை. டிலோரியனை ஏற்கனவே பல ஆயிரம் பேர் கட்டியாச்சு. மந்திரம் சொன்னால் திறக்கும் அலிபாபா குகைக் கதவைக் கட்டுங்க. அது ஓடுகிற வண்டி இல்லைதான். ஆனால் தமிழ் சினிமாவில் இதைவிடப் பிரபலமான இயந்திரம் எது, சொல்லுங்க பார்ப்போம்!

அளவை முதலில் முடிவு பண்ணுங்க. லெகோவில் ஸ்டட்டுக்கு ஸ்டட் 8 மி.மீ., ஒரு பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ. ஆக, 5 பிரிக் உயரமும் 6 ஸ்டட் அகலமும் ஒன்றே: 48 மி.மீ. பிரிக்கைப் படுக்க வைத்துப் பாறை முகம் செய்யும்போது இந்தக் கணக்குதான் கைகொடுக்கும். லெகோ மனுஷன் சுமார் 4 செ.மீ. உயரம். குதிரையோடு உள்ளே போகணும்னா வாசல் 10 பிரிக் உயரம் இருக்கட்டும், அதாவது 96 மி.மீ.

முதல் மாடலுக்குக் கதவு மேலே ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ரேக்-பினியன் போதும். 8 பல் கியர் ஒரு சுற்றுக்கு ரேக்கை சுமார் 25 மி.மீ. நகர்த்தும். 96 மி.மீ.க்குக் கிட்டத்தட்ட 4 சுற்று. ஆனால் கையை விட்டால் கதவு தடால்னு கீழே விழும். அதனால் நடுவில் ஒரு வார்ம் கியர் போடுங்க. கைப்பிடி சுற்றினால் கதவு நகரும், கதவின் எடை கைப்பிடியைத் திருப்ப முடியாது. வார்முக்கு 24 பல் கியர் ஜோடி போட்டால் சுமார் 92 சுற்று, அலிபாபா வாசலிலேயே மாட்டிக்குவான். 8 பல் போட்டால் சுமார் 31 சுற்று. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

நிறத்திலும் கட்டுப்பாடு உண்டு. எல்லாத் துண்டும் எல்லா நிறத்திலும் கிடைக்காது. இருக்கிற சாம்பலும் பழுப்பும் வைத்துத்தான் பாறையை நம்ப வைக்கணும்.

மிச்சம் இருப்பது

1963-ல் சுந்தரம் காலமானார். வயது 56. மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று மேலும் படங்கள் எடுத்தார். பிறகு சினிமா மொத்தமும் சென்னையில் குவிந்தது, சேலத்து ஸ்டூடியோ ஓய்ந்தது. தளங்கள் இருந்த இடத்தில் இன்று வீடுகள். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது பெரும்பாலும் நாம் செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு பொருளை மாடலாகக் கட்டுவது என்றால், அதைச் செய்தவர் நின்ற இடத்தில் போய் நிற்பது. எது தாங்குது, எது வெறும் தோற்றம், கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்ற கேள்வியெல்லாம் கையில் பிரிக் இருக்கும்போதுதான் வரும். டிலோரியனுக்கு வழிகாட்டிப் புத்தகம் பெட்டியோடு வரும். அலிபாபா குகைக்கு அப்படி எதுவும் கிடையாது. படத்தைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து நீங்களே வரையணும். வரைஞ்சு முடிச்சதும் எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த இதழில் போடுகிறோம்.