ஆமைகளைக் காத்த ஆசிரியர்

கடலூர்க் கடற்கரைக்கும், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டைக் கரைக்கும் ஆண்டுதோறும் விருந்தாளிகள் வருவது உண்டு. அவை கடல் ஆமைகள். தை முதல் பங்குனி வரை இரவில் கரை ஏறும். மணலில் குழி தோண்டி முட்டை இடும். "பங்குனி ஆமை" என்றே மீனவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

எல்லா ஆமையும் உயிரோடு வருவது இல்லை. மூச்சு விட ஆமை நீர்மட்டத்துக்கு வரவேண்டும். இழுவலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். உடல் கரை ஒதுங்கும். முட்டைகளை நாய்கள் தோண்டித் தின்னும்.

ஆகவே வனத்துறையினரும் தொண்டர்களும் இரவில் கரை நெடுக நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்து, வேலி போட்ட இடத்தில் புதைத்துக் காக்கிறார்கள். குஞ்சுகள் பொரித்ததும் கடலில் விடுகிறார்கள்.

ஆமைக்காக இப்படிக் கண் விழிக்க உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர், ஆர்ச்சி கார்.

பாதிரியார் மகன்

கார், 1909-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி அமெரிக்காவில் மோபில் நகரில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். 1937-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அங்கேயே பேராசிரியர் ஆனார்.

கோஸ்டா ரிக்கா நாட்டில் டோர்டுகேரோ என்ற கடற்கரை இருக்கிறது. முட்டையிட வரும் பேராமைகளை அங்கே ஆட்கள் மல்லாக்கப் புரட்டிப் போடுவார்கள். மல்லாந்த ஆமை தப்ப முடியாது. கறிக்குப் போய்விடும். கார் இதைக் கண்டு மனம் வருந்தினார்.

மாட்டுத் தகடு

ஆமைகள் எங்கே போகின்றன? 1955-ல் கார் அதை ஆராயத் தொடங்கினார். முதலில் ஓட்டில் அடையாளம் கட்டினார். அது கழன்று விழுந்தது. பிறகு, மாட்டின் காதில் மாட்டும் தகட்டை ஆமையின் துடுப்பில் மாட்டினார். தகட்டை அனுப்பினால் பரிசு என்று அறிவித்தார். தொலைதூர மீனவர்கள் அனுப்பி வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே ஆமைகள் அதே கரைக்குத் திரும்பி வந்தன!

1956-ல் கார் ஒரு புத்தகம் எழுதினார். படித்தவர்கள் ஆமைகளுக்காக ஒன்று கூடினார்கள். 1959-ல் சங்கம் பிறந்தது.

கடற்படை விமானங்களில் குஞ்சுகளை வேறு கரைகளுக்கும் கார் அனுப்பிப் பார்த்தார். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. பழைய கரையைக் காப்பதே வழி என்று ஆயிற்று. 1975-ல் டோர்டுகேரோ தேசியப் பூங்கா ஆனது.

1987-ம் ஆண்டு மே 21-ந் தேதி கார் காலமானார். தொண்டர்கள் இன்றும் அந்தக் கரையில் இரவில் நடக்கிறார்கள். கடலூர்க் கரையிலும் நடக்கிறார்கள். வந்த கரையை ஆமை மறப்பது இல்லை. கரையில் இருப்பவர்களும் ஆமையை மறக்கக் கூடாது அல்லவா?