சூரியனை வணங்கிய அரசர்
ஔந்து பவான்ராவின் வாழ்க்கை

தோட்டப்புறத்தில் தேகாப்பியாசம் என்ற பேச்சை எடுத்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள். விடியற்காலையில் எழுந்து, பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, கொழுந்துக் கூடையுடன் மலையேறுகிறவளுக்கும், மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டுகிறவனுக்கும் இதற்குமேல் என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கிறது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சம்பளத்துக்காக உடம்பு தேய்வது வேறு. தனக்காகவும் தன் பக்கத்தில் நிற்பவனுக்காகவும் உடம்பை வளர்ப்பது வேறு. இதைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்துகாட்டியவர் ஓர் அரசர் என்பது வியப்பாயிருக்கலாம். அவரே மகாராஷ்டிரத்தில் பாளாசாகேப் என்று அன்போடு அழைக்கப்பட்ட பவான்ராவ் பந்த் பிரதிநிதி.

ஔந்து என்பது சாதாராவை அடுத்த மிகச் சிறிய சமஸ்தானம். எழுபத்திரண்டு கிராமங்கள், குடிகள் ஒரு லட்சத்துக்கும் குறைவு, மழை பொய்க்கும் வறண்ட பூமி. அங்கே 1868ஆம் ஆண்டு பவான்ராவ் பிறந்தார். மூத்த பிள்ளை அல்லர். ஆகவே பட்டம் தமக்கு வருமென்று எதிர்பார்க்க இடமில்லை. பூனா டெக்கான் கல்லூரியில் பி.ஏ. படித்தார். சித்திரம் எழுதுவார், மராட்டிய முறையில் கதாகாலட்சேபமும் செய்வார். 1909இல் பட்டம் அவரைத் தேடி வந்தபோது வயது நாற்பத்தொன்று.

அதற்கு முன்பே வேறொரு மாற்றம் அவருக்குள் நிகழ்ந்திருந்தது. அக்காலத்தில் யூஜின் சாண்டோ என்னும் மேல்நாட்டுப் பயில்வானின் பெயர் உலகமெங்கும் பரவியிருந்தது. நம் தமிழ்ப் படமுதலாளி சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘சாண்டோ’ அவரிடமிருந்து வந்ததே. பவான்ராவும் 1897இல் சாண்டோவின் நூலையும் கருவிகளையும் வாங்கிப் பத்தாண்டுகள் விடாமல் பயின்றார். பலன் இல்லாமற் போகவில்லை. ஆயினும் அது பணமும் கருவியும் தனியறையும் உள்ளவனுக்கே ஏற்ற பயிற்சி. மிராஜ் சமஸ்தானாதிபதியான நண்பர் சூரிய நமஸ்காரத்தை நினைவூட்ட, 1908 அளவில் பவான்ராவ் அதன் பக்கம் திரும்பினார். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சமர்த்த ராமதாசர் காலத்திலிருந்தே மராட்டிய நாட்டில் வழங்கிவந்ததாகச் சொல்லப்படுவது அது. அவருடைய தந்தையாரும் செய்துவந்ததுதான். வீட்டிலிருந்த பொருளைத் தேடி ஊரெல்லாம் சுற்றி வந்தது போலாயிற்று!

இளைஞர்களுக்காக அதன் முறையைச் சிறிது சொல்லவேண்டும். பவான்ராவ் வகுத்தவை பத்து நிலைகள். கைகூப்பி நேரே நிற்பது முதலாவது. முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தல். ஒரு காலைப் பின்னே நீட்டி நிமிர்ந்து பார்த்தல். மறுகாலையும் பின்னே கொண்டுசெல்லல். நெற்றியும் மார்பும் முழங்கால்களும் தரையில் படச் சாஷ்டாங்கமாக வீழ்தல். பாம்பு படமெடுப்பது போல் மார்பை உயர்த்தல். பிறகு வந்த வழியே திரும்பி மீண்டும் நிமிர்ந்து நிற்றல். மூச்சு அசைவோடு இசைந்து ஓடவேண்டும். ஒன்று செய்தால் ஒரு வணக்கம், அவ்வளவுதான். இருபத்தைந்தை நிறுத்தாமல் செய்து பாருங்கள், நெற்றி வியர்வை நிலத்தில் சொட்டும். ஐம்பதுக்குமேல் கைகள் நடுங்கும். பவான்ராவோ நாள்தோறும் நூற்றுக்கணக்கில் செய்தார். வேண்டிய இடம் ஓர் ஆள் நீளம். செலவு காசு இல்லை.

அவர் தனியே செய்யவில்லை. ராணியாரும் பிள்ளைகளும் உடன் செய்தார்கள். அரண்மனையிலிருந்து அது பள்ளிக்கூடங்களுக்குச் சென்றது. சமஸ்தானத்துப் பள்ளிகள் அனைத்திலும் ஆண்பிள்ளை பெண்பிள்ளை பேதமின்றி அப்பயிற்சி கட்டாயமாயிற்று. வரிசையில் நின்று, எண் சொல்லச் சொல்ல எல்லாரும் ஒருங்கே விழுந்து ஒருங்கே எழுவது அதன் முறை. தனியாய் இருந்தால் பத்தோடு நிறுத்திக்கொள்ளும் மெலிந்த பையன், பக்கத்திலிருப்பவன் எழும்போது தானும் எழுவான். சிவனொளிபாதமலைக்குக் கூட்டமாக ஏறியவர்களுக்கு இந்தச் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை. கால் சோர்ந்த கிழவியையும் கூட்டத்தின் குரல் ஏற்றிவிடுகிறதல்லவா?

கட்டாயம் என்ற சொல் நமக்கு உறுத்துகிறது; அதை மறைக்க வேண்டியதில்லை. அரசன் ஆணையிட்டுக் குடிகளின் பிள்ளைகள் குனிந்து நிமிர்வதில், நல்லெண்ணம் எவ்வளவு இருந்தாலும், ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. பெரட்டில் வரிசையாக நின்று பழகிய நமக்கு இது நன்றாகவே தெரியும். தாமே விரும்பிக் கூடுகிறவர்களின் வரிசைக்கும் கூப்பிட்டு நிறுத்தப்பட்டவர்களின் வரிசைக்கும் வேற்றுமை உண்டு.

பவான்ராவ் அந்த வேற்றுமையை உணர்ந்தாரோ இல்லையோ, பிற்காலத்தில் அவர் செய்த காரியம் அதற்குப் பதில் போல அமைந்தது. 1938இல், தம் எழுபதாவது வயதில், ஆட்சியதிகாரத்தைக் குடிகளிடமே ஒப்படைப்பதாக அறிவித்தார். மகன் அப்பா பந்தும், போலந்து நாட்டவரான மோரிஸ் பிரிட்மன் என்னும் பொறியியலாளரும் காந்தியடிகளை நாடினர். இந்தப் பிரிட்மன் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடமும் வந்து இருந்தவர். காந்தியடிகளின் வழிகாட்டலில் 1939இல் புதிய அரசியல் திட்டம் உருவாயிற்று. கிராமப் பஞ்சாயத்துக்களே அதன் அடித்தளம். மன்னர்கள் பலர் அதிகாரத்தில் ஓர் அணுவையும் விடாமல் பற்றிக்கொண்டிருந்த காலம் அது.

அதே ஆண்டில் சுதந்திரபூர் என்ற பெயரில் மதிலும் விலங்குமில்லாத கைதிகள் குடியிருப்பும் அங்கே தோன்றியது. சாந்தாராமின் 1957ஆம் ஆண்டு இந்திப்படம் அதைத் தழுவியது. அப்படமே 1975இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பல்லாண்டு வாழ்க’ ஆயிற்று. அந்தப் படத்தைக் கண்டு கண்ணீர்விட்ட நம்மூர்ப் பெரியவர்கள், அதன் வேர் ஔந்தில் இருப்பதை அறிந்திருக்கமாட்டார்கள்.

கலைக்கும் கல்விக்கும் அவர் செய்தவை தனிக் கட்டுரைக்குரியன. பூனா பண்டார்க்கர் நிறுவனத்தின் மகாபாரத ஆய்வுப் பதிப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்க முன்வந்தார் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம். 1928இல் சூரிய நமஸ்காரம் பற்றிய அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. 1936இல் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்றபோது லூயிஸ் மார்கன் என்னும் பத்திரிகைப் பெண்மணி அவர்களைச் சந்தித்தார். பல பிள்ளைகளைப் பெற்ற ராணியாரின் இளமைத் தோற்றமும் உறுதியும் அங்குள்ள பெண்களை வியக்கவைத்தன. அதன் பயனாக 1938இல் லண்டனில் மற்றொரு நூல் வந்தது. இன்று உலக நகரங்களில் பெருங்கூட்டமாக யோகம் பயில்கிறவர்களில் பலர் முதலிற் கற்பது சூரிய நமஸ்காரமே. ஔந்து எங்கேயிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

1948இல் சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், எண்பத்திரண்டாம் வயதில் பவான்ராவ் மறைந்தார். அரண்மனையின் அதிகாலையில் தந்தையோடு சேர்ந்து வணங்கி எழுந்த அப்பா பந்த், பிற்காலத்தில் இந்தியாவின் தூதுவராகப் பல நாடுகளில் வாழ்ந்தார். 1970இல் அவரும் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். அதன் பொருளும் சூரிய நமஸ்காரமே.